எல்லாரும் வந்தாயிற்று என்று சொன்ன விளக்கு

"விளக்கை அணைக்கட்டுமா, எரிய விடட்டுமா? நீயே சொல்லு நேஜா."

கேட்டவர் ஸ்லாவ்கா அத்தை. எனக்குத் தெரியவில்லை. அணைப்பதற்கும் காரணம் இருந்தது, எரிய விடுவதற்கும் காரணம் இருந்தது. இரண்டில் தப்பானதைச் செய்துவிட்டால் அவருடைய மகன் ரோக் உயிரோடு வராமல் போகலாம். அது மட்டும் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

அன்று மலைமேல் அந்தக் குடிலில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. இன்று ஊரில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் யாரும் அப்போது அங்கே இல்லை. ஆனாலும் சொல்கிறார்கள். பெற்ற பிள்ளை வரவில்லை என்பதையே மறந்துவிட்டு விளக்கை மாட்டிய தாய் என்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பள்ளியை முடித்துவிட்டு, தலைநகர் லூப்லியானாவுக்குப் படிக்கப் போவதா, இங்கேயே இருப்பதா என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிற எனக்கு, இந்த ஒன்றையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது.

ஸ்லாவ்கா அத்தை எனக்கு ரத்த உறவு இல்லை. ஆல்ப்ஸ் மலைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் அவருடைய வண்டியில் போய் வந்தவர்கள்தான். எல்லோருக்கும் அவர் அத்தை. கனத்த உடம்பு, கரகரப்பான குரல், ஓயாத பேச்சு. வண்டியை எடுக்கும் முன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக் கேட்பார்: "எல்லாரும் வந்தாச்சா?" ஒருவர் குறைந்தாலும் வண்டி நகராது. ஒருமுறை மீஹா என்ற பையன் பள்ளி நூலகத்தில் தூங்கிப்போனான். அத்தை வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். பின்னால் பால் லாரிக்காரர் இறங்கி வந்து கத்தினார். அத்தை ஜன்னல் வழியே தலையை நீட்டி, "உங்க பாலு ஒண்ணும் திரிஞ்சிடாது அண்ணே. எனக்கு ஒரு உருப்படி குறையுது" என்றார்.

அவர் மலைக்குடிலின் பொறுப்பாளர் ஆனதே ஒரு வேடிக்கை. எங்கள் ஊர் போட்வெரில் மலையேறிகள் சங்கம் இருக்கிறது. முன்பு பொறுப்பில் இருந்தவர் மகள் வீட்டோடு போய்விட்டார். ஆண்டுக் கூட்டத்தில் "யார் பார்த்துக்கறீங்க?" என்று கேட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அத்தை அந்த நேரம் பார்த்து, மது தீர்ந்துவிட்டது, கொண்டு வாருங்கள் என்று காலிக் குடுவையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். தலைவர் அதைக் கை தூக்கியதாக எடுத்துக்கொண்டு கைதட்டிவிட்டார். "குடுவைக்கு ஓட்டுப் போட்டுட்டானுங்க, நான் மாட்டிக்கிட்டேன்" என்று அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட அந்தக் குடிலை அவர் கைவிட்டதில்லை. கம்பளிகளைக் கீழே சுமந்து வந்து துவைப்பார். மறுபடி மேலே சுமந்து போவார்.

குடில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முகட்டுக்குச் சற்றுக் கீழே, பாறையின் தோள்மேல், தகரம் போர்த்திய ஒரு மரப்பெட்டி. காற்று தூக்கிப் போகாமல் இரும்பு வடத்தால் பாறையோடு கட்டியிருக்கும். உள்ளே ஆறு பலகைப் படுக்கை, ஒரு மேசை, ஒரு ஜன்னல். பூட்டு இல்லை, காவலாள் இல்லை, வாடகை இல்லை. யார் வந்தாலும் படுக்கலாம். நிறைந்துவிட்டால் ஒட்டி உட்காரலாம். போகும்போது பெருக்கிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே தொலைபேசி எடுக்காது. எங்களுக்கு அந்த ஜன்னல்தான் தொலைபேசி. மேலே போகிறவர்கள் எத்தனை பேர் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தனை பேரும் குடிலுக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் ஜன்னல் ஆணியில் விளக்கை மாட்ட வேண்டும். அதற்கு முன் மாட்டக் கூடாது. கீழே இருப்பவர்கள் சமையலறையிலிருந்தே பார்த்துவிடுவார்கள். வெளிச்சம் தெரிந்தால், எல்லாரும் வந்தாயிற்று. திரையை இழுத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். இருட்டாகவே இருந்தால்தான் ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டுவார்கள்.

முன்பு மண்ணெண்ணெய் விளக்கு இருந்தது. அத்தை பொறுப்புக்கு வந்த பிறகு, தன் பழைய பேருந்தின் முகப்பு விளக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய், வெயிலில் மின்னேறும் பேட்டரியோடு இணைத்து வைத்தார். நல்ல வெளிச்சம். சுவிட்சுதான் சரியில்லை. அணைத்தால் மறுபடி எரிவதும் எரியாததும் அதன் இஷ்டம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன இலையுதிர் காலத்தில் ரோக் மலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. இருட்டிய பிறகும் குடிலில் வெளிச்சம் இல்லை. அத்தை ஊரையே எழுப்பிவிட்டார். எங்கள் மீட்புக் குழுவில் இருப்பவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை. மரம் வெட்டுகிறவர்கள், தச்சர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். கொட்டும் மழையில் ஏறினார்கள். ரோக் மலைக்கே போகவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு பெண்ணின் வீட்டில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். இறங்கும்போது குழுவில் ஒருவர் வழுக்கி விழுந்தார். முழங்கால் பிய்ந்துவிட்டது. அவர் என் அப்பா, காஷ்பர். அதற்குப் பிறகு அவரால் காட்டு வேலைக்குப் போக முடியவில்லை. இப்போது மரக்கிடங்கில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்.

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார். அப்பா, "விடு ஸ்லாவ்கா, பாறைதான் வழுக்குச்சு, நீயா தள்ளிவிட்ட?" என்றார். அம்மா உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அத்தையிடம் பேசவும் இல்லை. பேருந்தில் சின்னப் பிள்ளைகள் அந்த வீண் தேடலைக் கேலி செய்து, "அத்தை, ஹெலிகாப்டர் எப்ப வரும்?" என்று கேட்பார்கள். அத்தையும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பார்.

இந்த வருடம் செப்டம்பர் கடைசியில், பனி மூடுவதற்கு முன் குடிலின் கதவைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கீல்கள் துருப்பிடித்துக் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. ரோக் இப்போது அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் மர அறுவை ஆலையில் வேலை செய்கிறான். புதுக் கீல்களைச் செய்துகொண்டு அந்தப் பக்கமிருந்து கணவாய் வழியாக அவன் வருவதாகவும், நாங்கள் ஊரிலிருந்து ஏறுவதாகவும், மூவரும் குடிலில் தங்கி மறுநாள் கதவை மாட்டிவிட்டு இறங்குவதாகவும் பேச்சு. நான் போவதாகச் சொன்னதும் அம்மா, "அவகூடவா?" என்று மட்டும் கேட்டார்.

ஊர் எல்லையில் லுட்விக்கின் தங்கும் விடுதி. மேலே குடிலில் இலவசமாகப் படுக்கிறவர்கள் எல்லோரும் தன்னிடம் அறை எடுத்திருக்க வேண்டியவர்கள் என்பது அவருடைய கணக்கு. எங்களைப் பார்த்ததும் வாசலுக்கு வந்தார்.

"என்ன டிரைவரம்மா, ஓசி ஓட்டலுக்குக் கம்பளி போகுதா?"

"ஆமா முதலாளி. உங்க ஓட்டல் மூட்டைப்பூச்சிக்குத் தப்பி வர்றவங்களுக்கு."

"சிரி, சிரி. தெனம் ராத்திரி அந்த வெளக்கு எரியறப்ப எனக்கு வயிறு எரியுது. பின்கட்டுக்குப் போய் நின்னு பார்ப்பேன். எத்தனை தலை அங்க படுத்திருக்கோன்னு பார்த்துத் திட்டிட்டுத்தான் படுக்கறேன்."

"நல்லா திட்டுங்க. மூச்சுப் பயிற்சி."

நாங்கள் ஏறினோம். காட்டைத் தாண்டும்வரை அத்தை பேசிக்கொண்டே வந்தார். பாறை தொடங்கிய பிறகு மூச்சு வாங்கியது, பேச்சு நின்றது. மேலே முதல் பனி விழுந்திருந்தது. கையகலத்துக்குத்தான், ஆனால் பாறையில் மெழுகு பூசினதுபோல் இருந்தது. அத்தை அதைப் பூட்ஸ் நுனியால் தேய்த்துப் பார்த்தார்.

பிற்பகலில் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ரோக் வந்திருக்கவில்லை. கம்பளிகளை விரித்தோம். பழைய கீல்களைக் கழற்றினோம். கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்டினோம். பார்லியும் பீன்ஸும் போட்ட கஞ்சியை அடுப்பில் வைத்தோம். அத்தை மூன்று கிண்ணங்களை எடுத்து மேசையில் வைத்தார்.

"அவன் வந்ததும் பசி பசின்னு பறப்பான். தொத்திறைச்சிய ஒளிச்சு வை. இல்லன்னா நமக்கு அதக் கட்டின நாரு மட்டும்தான் கிடைக்கும்."

மூடுபனி ஏறி வந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே ஊரும் தெரியும், இடப்பக்கம் கணவாயும் அதற்குக் கீழே இறங்குகிற பாறைப் பிளவும் தெரியும். இப்போது எதுவும் தெரியவில்லை. காற்று குறுக்கே அடித்தது. கயிற்றில் கட்டிய கதவு முட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை முட்டும்போதும் அத்தை திரும்பிப் பார்த்தார்.

இருட்டிக்கொண்டு வந்தபோது மூடுபனி கொஞ்சம் கிழிந்தது. கணவாயின் கறுப்பு ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

"பாவி, பனியில எங்க திரும்பணும்னு தெரியாம நிக்கறானோ என்னவோ" என்றார் அத்தை. எழுந்தார். பேட்டரியின் கம்பியைச் சொருகினார். சுவிட்சை நான்கைந்து தடவை தட்டினார். விளக்கு எரிந்தது. ஜன்னல் ஆணியில் மாட்டினார். கணவாய்ப் பக்கம் கொஞ்சம் திருப்பிவைத்தார். மகனுக்கு வழி காட்டத்தான் மாட்டினார். மறந்துபோய் மாட்டவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன்.

நாங்கள் வெளியே போய்க் கத்தினோம். விசில் ஊதினோம். காற்று எல்லாவற்றையும் பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே வந்து உட்கார்ந்தோம். கஞ்சி ஏடு கட்டியது. அத்தை கிண்ணத்தைத் தொடவில்லை. திடீரென்று கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ."

"என்ன அத்தை?"

"ப்ரிமோஷ்."

ப்ரிமோஷ் அவருடைய கணவர். பால் பண்ணையில் வேலை. விடியும் முன்னே எழ வேண்டியவர்.

"அவரு பார்த்திருப்பாருடி. வெளக்கு எரியுது, மூணு பேரும் வந்தாச்சுன்னு திரைய இழுத்து விட்டிருப்பாரு. உங்க வீட்லயும் பார்த்திருப்பாங்க. இனிமே ஒருத்தரும் மேல பார்க்க மாட்டாங்க. நானே சொல்லிட்டேனே எல்லாரும் வந்தாச்சுன்னு!"

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அணைக்கட்டுமா, எரிய விடட்டுமா?

எரிய விட்டால், ஊர் நிம்மதியாகத் தூங்கும். அணைத்தாலும் ஊருக்கு ஒன்றும் புரியாது. படுத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் ரோக் எங்காவது இருட்டில் இந்த வெளிச்சத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தால் அவனுக்கு இருக்கிற ஒரே பிடி இதுதான். அணைத்த சுவிட்சு மறுபடி எரியுமா என்பதும் நிச்சயமில்லை.

அத்தை குளிர்ச் சட்டையை மாட்டினார், நெற்றி விளக்கைக் கட்டினார்.

"எங்க போறீங்க?"

"கணவாய்க்கு."

"அந்தப் பாறையில இப்ப நிக்கவே முடியாது. நீங்களும் விழுந்தா நான் என்ன செய்வேன்?"

"என் புள்ளைடி!"

வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடி அவர் சட்டையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். குடிலைக் கட்டிய இரும்பு வடம் பாறையில் முடிகிற இடம்வரை போனோம். அதற்கு அப்பால் முதல் அடியிலேயே அவர் கால் வழுக்கியது. வடத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தார். பிறகு தானாகவே எழுந்து உள்ளே வந்தார்.

"ஆபத்துன்னு கீழ சைகை காட்டணும் அத்தை" என்றேன். ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை வெளிச்சம், பிறகு ஒரு நிமிடம் சும்மா, மறுபடி ஆறு. எங்கள் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அத்தைக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"போன தடவ மாதிரி எவளோ ஒருத்தி வீட்ல படுத்துக் கெடந்தான்னா?"

"அப்படி இருந்தா நல்லதுதானே?"

"நல்லதா? இந்தக் காத்துல, இந்தப் பனியில, மறுபடியும் அவங்கள ஏறச் சொல்லவா? உங்கப்பா மொழங்கால நான் தெனம் பார்க்கறேன் நேஜா. மரக்கிடங்கு வழியாத்தான் வண்டி ஓட்டறேன். அவரு கைய ஆட்டறாரு. அந்தக் கையப் பார்க்க எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. எதற்கு என்று தெரியவில்லை. அவர்மேலா, ரோக்மேலா, வீட்டில் பேசாமல் இருக்கிற அம்மாமேலா? கத்திவிட்டேன்.

"எங்கப்பா மொழங்கால் எங்கப்பாவுது! அத நீங்க பேச வேண்டாம். அவரு இங்க இருந்தா இந்நேரம் சைகை காட்டியிருப்பாரு. அவன் வரேன்னு சொன்னான் இல்ல? வரல இல்ல? ஒரு உருப்படி குறையுது அத்தை!"

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். கஞ்சிப் பானையின் மூடியை எடுத்தார்.

விளக்கை அணைக்கவில்லை. மூடியால் மறைத்தோம், எடுத்தோம். மறைத்தோம், எடுத்தோம். அத்தை மூடியைப் பிடிக்க, நான் சத்தமாக எண்ணினேன். ஆறு முடிந்ததும் ஒரு நிமிடம் விளக்கைத் திறந்தே வைத்தோம், ரோக்குக்காக. மறுபடி ஆறு. கீழே ஊர் மூடுபனிக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. வெளியே வரும்போதெல்லாம் ஒவ்வொரு வீடாக விளக்கு அணைந்திருந்தது. யாராவது பார்த்தால் நிமிடத்துக்கு மூன்று வெளிச்சம் பதிலாக வரவேண்டும். வரவில்லை.

"எல்லாரையும் நானே தூங்கப் பண்ணிட்டேன்" என்றார் அத்தை. நான் மூடியை வாங்கிக்கொண்டேன். அவர் எண்ணினார். குரல் கரகரத்துக் கடைசியில் காற்றாக வந்தது. எவ்வளவு நேரம் அப்படிச் செய்தோம் என்று தெரியாது. என் தோள் மரத்துப்போனது.

அப்புறம், ஊர் எல்லையில், ஒரு வண்டியின் முகப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. மூன்று என்று எண்ணினேன். ஒரு நிமிடம் கழித்து மறுபடி மூன்று.

"யாரு அது?" என்றேன்.

அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "லுட்விக்டி. அவன் விடுதி வாசல். நம்மளத் திட்டறதுக்கு வெளிய வந்திருக்கான்."

அது உண்மைதான். பிறகு அவரே சொன்னார். வயிற்றெரிச்சலோடு பின்கட்டுக்கு வந்து நின்றிருக்கிறார். விளக்கு கண்சிமிட்டுவதைப் பார்த்ததும், தன்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம். கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே எண்ணியிருக்கிறார். ஆறு வந்திருக்கிறது. மறுபடி எண்ணியிருக்கிறார். மறுபடியும் ஆறு. உடனே வாசலுக்கு ஓடி வண்டி விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டு, மீட்புக் குழுவை எழுப்பியிருக்கிறார்.

விடிவதற்குக் கொஞ்சம் முன் மீட்புக் குழு வந்து சேர்ந்தது. காற்றில் ஹெலிகாப்டரால் வரமுடியவில்லை, நடந்தே ஏறியிருந்தார்கள். என் அப்பா வரவில்லை, வரமுடியாது. கீழே விடுதியில் உட்கார்ந்து கம்பியில்லாக் கருவியில் எல்லோரோடும் பேசிக்கொண்டிருந்தார். குழுவினர் கணவாய்ப் பக்கம் போனார்கள். பிளவின் ஓரத்தில் நின்று கூப்பிட்டபோது, கீழேயிருந்து பதில் வந்தது.

ரோக் கணவாயைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தபிறகுதான் வழுக்கியிருக்கிறான். கணுக்கால் ஒடிந்திருந்தது. நெற்றி விளக்கு எங்கோ உருண்டு போயிருந்தது. கீல்கள் இருந்த பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாறை இடுக்கில் கிடந்தான். கயிறு கட்டித் தூக்கிக் குடிலுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாக் கம்பளிகளையும் போர்த்தினோம். அத்தை அவன் கால்களைத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டார்.

"எருமை. கீலத் தூக்கிப் போட்டுட்டு நடந்து வந்திருக்கக் கூடாதா?"

"கால் ஒடஞ்சிருக்கும்மா. நடக்கறது எப்படி?"

"பதில் பேசறான் பாரு."

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்திருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்:

"வெளக்கு எரிஞ்சதும் கத்தறத நிறுத்திட்டேன்மா."

அத்தைக்குப் புரியவில்லை. "என்னது?"

"அங்கயிருந்து ஜன்னல் தெரிஞ்சுது. அது வரைக்கும் கத்திக்கிட்டே இருந்தேன். வெளக்க மாட்டிட்டீங்க. எல்லாரும் வந்தாச்சுன்னு அர்த்தம். அப்ப, நான் வருவேன்னு நீங்க நெனைக்கலன்னு ஆச்சு. போன வருஷம் மாதிரி எங்கயோ தூங்கறேன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். யாருக்காகக் கத்தறதுன்னு விட்டுட்டேன். தூக்கம் வந்துச்சு. அப்புறம் அது கண்சிமிட்ட ஆரம்பிச்சுது. சரி, அம்மா தேடுதுன்னு தெரிஞ்சுது. தூங்காம எண்ணிக்கிட்டே இருந்தேன்."

குடிலுக்குள் அத்தனை பேர் இருந்தார்கள். கதவு கயிற்றில் முட்டியது. அத்தை அவன் கால்களை இன்னும் இறுக்கிக்கொண்டார், அவ்வளவுதான். அவர் முகத்தை நான் பார்த்தேன். அதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வெளிச்சம் வந்தபின் காற்று தணிந்தது, ஹெலிகாப்டர் வந்தது. ரோக் பிழைத்தான். இடது காலில், குளிரில் உறைந்துபோன சில விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. ஆலையில் நாள் முழுக்க நிற்கிற வேலை இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவமனைக்கு என் அம்மா ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தனுப்பினார், யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லி. அத்தையோடு இன்னும் பேசவில்லை.

குடிலுக்குள் ரோக் சொன்னதில் பாதியை மட்டும் யாரோ கீழே கொண்டுபோனார்கள். "அம்மா வெளக்க மாட்டிட்டா, நான் வருவேன்னே நெனைக்கல"; அந்தப் பாதி. கடையில் சொல்கிறார்கள், தேவாலய வாசலில் சொல்கிறார்கள். அத்தை மறுத்துப் பேசவில்லை. நான் கேட்டேன். "சொல்றவங்க சொல்லட்டும். அவனே அப்படித்தானே நெனச்சான்? கொஞ்ச நேரம்னாலும் நெனச்சான் இல்ல?" என்றார்.

குளிர்காலக் கூட்டத்தில் அத்தை எழுந்து நின்றார். இந்த முறை கையில் குடுவை இல்லை. இனிமேல் முதல் ஆள் வந்து சேர்ந்ததுமே விளக்கை மாட்ட வேண்டும், விடியும்வரை எரிய வேண்டும், அது வெளியே இருப்பவனுக்கு வழி காட்ட மட்டும்தான், கீழே இருப்பவர்கள் அதைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது, வந்து சேர்ந்தவர்களின் பெயரைச் சொல்ல மேலே ஒரு கம்பியில்லாக் கருவி வேண்டும் என்றார். சிலர் முணுமுணுத்தார்கள். விளக்கைப் பார்த்துத் தூங்கிப் பழகிவிட்டோமே என்றார்கள். பின்வரிசையிலிருந்து லுட்விக், "வாங்கிக் குடுங்கய்யா. ராத்திரியெல்லாம் வெளக்கு எரிஞ்சா எனக்குத்தான் தூக்கம் போகும். நானே சும்மா இருக்கேன்" என்றார். கை தூக்கினார்கள். கருவி வந்துவிட்டது.

கதவுக்குப் புதுக் கீல்களும் மாட்டியாயிற்று. ரோக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அதே கீல்கள்தான்.

அத்தை இப்போதும் பேருந்து ஓட்டுகிறார். ஆனால் கண்ணாடியில் பார்த்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, இருக்கையிலிருந்து எழுந்து, கடைசி வரிசைவரை நடந்து போகிறார். ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறார். பிள்ளைகள் கூச்சப்பட்டு நெளிகிறார்கள். பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊர் மட்டும் இல்லை, மலை இருக்கிற இடங்களில் எல்லாம் இப்படி ஏதாவது ஒரு விளக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருப்பார்கள். மலைக்குப் போகிற ஒருவரையாவது, அவருக்காகக் கீழே காத்திருக்கிற ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ஸ்லாவ்கா தன் மகனுக்காகத்தான் அந்த விளக்கை மாட்டினார் என்பதையும், பிறகு பானை மூடியைக் கையில் எடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.